ஐம்பத்துநாலு கிலோவில் ஒரு சண்டை

எங்கள் இருவரில் யார் வெல்வார் என்று முதலில் கேட்டவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்தான்; நாங்கள் அவரை ‘நானா’ என்று கூப்பிடுவோம். கண்டி பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு பழைய மாடிக் கட்டடம் வரும். கீழே அவருடைய கடை. மேலே இருந்த மண்டபத்தில் நாங்கள் குத்துச்சண்டை பழகினோம். நாங்கள் குதிக்கும்போது அவருடைய கடைக் கூரையிலிருந்து தூசு கொட்டும். தேத்தண்ணிக்குள் சிமெந்து விழுகிறது என்று அவர் வாரத்தில் இரண்டு தடவையாவது முறையிடுவார். ஆனாலும் பயிற்சி முடிந்து இறங்கி வந்தால் இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டி தயாராக இருக்கும்.

அந்த வருஷம் கொழும்பில் நடந்த போட்டியில் நாங்கள் இரண்டு பேருமே தங்கம் வாங்கியிருந்தோம். நான் ஐம்பத்தொரு கிலோ பிரிவில், என்னோடு பழகிய தோழி ஐம்பத்தேழு கிலோ பிரிவில். நானா பதக்கங்களை வாங்கி, இரண்டும் ஒரே பாரம்தானா என்று இரு கைகளிலும் தூக்கிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சாம்பியன். அப்ப நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா யாரு வெல்லுற?”

“நாங்க அடிச்சிக்க முடியாது நானா. வெய்ட் வேற வேற” என்றேன் நான்.

“சும்மா பேச்சுக்குச் சொல்லுங்க மகள்.”

“நான்தான்” என்றேன். அதே நேரத்தில் அவளும் “நான்தான்” என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நான் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு கண்டிக்கு வந்து சித்தி வீட்டில் தங்கி, ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மண்டபத்தைத் திறந்து பூட்டுவது சித்தப்பாவின் வேலை. ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் கையில் துணி சுற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். பயிற்றுவிப்பவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவர். நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுவோம். பராக்குப் பார்த்தபடி நின்ற என்னைக் கூப்பிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டி, குத்தச் சொன்னார். குத்தினேன். அவர் கையை உதறிக்கொண்டு, நாளைக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு வா என்றார். பத்து வருஷம் மலையில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போன கால்கள் எனக்கு. அவர் கண்டது என் கையையா காலையா என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரித் தாதி; இடமாற்றம் கிடைத்துக் கண்டிக்கு வந்திருந்தார். என்னைவிட உயரம், நீளமான கைகள், இடதுகைக்காரி. சண்டையிலும் வலக்கையை முன்னால் நீட்டி, இடக்கையைப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். முதல் வாரம் முழுக்க நாங்கள் எங்கள் தமிழை வைத்தே சிரித்துக்கொண்டிருந்தோம். நான் ஆமா என்பேன், அவள் ஓம் என்பாள். நான் பேசு என்பேன், அவள் கதை என்பாள். நான் “வாறேன்” என்றால் அவள் “வாறன்” என்று திருத்துவாள். இரண்டு மாதத்தில் சித்தி வீட்டில் நான் என்னையறியாமல் ஓம் போட்டேன். சித்தி திடுக்கிட்டுப் போய், “எங்க புள்ள படிச்ச இத?” என்று கேட்டார்.

நானா தொடங்கிவைத்த பேச்சு ஊர் சுற்றியது. புடவைக் கடையில் என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் என் பக்கம். அவளுடைய கம்பியூட்டர் வகுப்புப் பிள்ளைகள் அவள் பக்கம். சித்திக்கு எங்கள் மூஞ்சி உடையாமல் இருந்தால் போதும். அவளுடைய அம்மா மட்டும் யார் பக்கமும் சாயவில்லை. “ஆர் வெண்டாலும் ரெண்டு பேருக்கும் நான்தான் மருந்து கட்டவேணும்” என்றார்.

நாங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முடிந்து கண்டி வாவியைச் சுற்றி நடப்போம். நடந்துகொண்டே அந்தச் சண்டையை ஒருவருக்கொருவர் சொல்வோம்.

நான் சொல்வேன்: “மொத ரவுண்ட் ஒனக்கு. ஒன் கை நீளம், நான் கிட்ட வர முடியாது. ரெண்டாவதுல நான் குனிஞ்சி உள்ள வந்து வயித்துல குத்துவேன். மூணாவதுல ஒனக்கு மூச்சு இருக்காது.”

அவள் சொல்வாள்: “நீ உள்ளுக்க வருவாய் எண்டு எனக்குத் தெரியும். உனக்கு வேற ஒண்டும் தெரியாது. நீ வரேக்க நான் ஒரு காலை எடுத்துப் பக்கத்தில வைப்பன். நீ காத்தில குத்துவாய். பிறகு என்ர இடக்கை.”

“ஒன் இடக்கைய நான் பார்த்ததே இல்லையா?”

“பாத்திருக்கிறாய். வாங்கினதில்லை.”

அது உண்மைதான். சேர் எங்களை ஒன்றாக இறக்கும்போதெல்லாம் மெதுவாக, மெதுவாக என்று கத்திக்கொண்டே இருப்பார். கொஞ்சம் சூடு பிடித்தால் இடையில் புகுந்து பிரித்துவிடுவார். தனக்குக் கிடைத்த இரண்டு சாம்பியன்களில் ஒன்றை மற்றது உடைத்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் நாங்கள் நூறு தடவை எதிரெதிரே நின்றும் ஒரு தடவைகூடச் சண்டை பிடித்ததில்லை.

ஐம்பத்துநாலு என்ற எண்ணம் அவளுடையது. அவள் மூன்று கிலோ இறங்குவது, நான் மூன்று கிலோ ஏறுவது. சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்பு மண்டபத்தில் உள்ளூர் ஆட்களுக்காக ஒரு காட்சிச் சண்டை நடத்துவது சேரின் வழக்கம். அதில் எங்களை இறக்கும்படி போய் நின்றோம். அவர் முதலில் முடியாது என்றார். பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கும் பார்க்க ஆசையாக இருந்திருக்க வேண்டும்.

அந்த மாசி மாதம் நான் சாப்பிட்டது போல என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. நானா எனக்கு முட்டை ரொட்டியை இரட்டையாக மடித்துத் தருவார். என் எதிரே அவள் சீனி போடாத தேத்தண்ணியை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். “பாவி, மெதுவாச் சாப்பிடு, நானும் கொஞ்சம் பாத்து ரசிக்கிறன்” என்பாள். இரவில் படுத்தால் அவளுடைய தோள் என் கண்ணுக்குள் தெரியும். இடக்கை வருவதற்கு முன்பு அந்தத் தோள் ஒரு நூலளவு மேலே எழும். அதை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காட்சிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அம்மாவைப் பார்க்கப் புசல்லாவைக்குப் போனேன். அந்த வார இறுதியிலேயே கொரோனாத் தொற்றுக்காக ஊரடங்கு போட்டார்கள். பஸ் நின்றது. திங்கட்கிழமை திறப்பார்கள், அடுத்த திங்கள் திறப்பார்கள் என்று இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவில் கிடந்த ஒரு சின்னத் தட்டை நிலத்தில் நான் கயிறடித்தேன். அவள் தன் அம்மாவின் ஆஸ்பத்திரி விடுதி அறைக்குள் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பயிற்சி செய்தாள். “நிறை ஏறவிட்டிடாதே” என்று நான் போனில் சொல்வேன். “நீ இறங்கவிட்டிடாதே” என்பாள் அவள்.

பிறகு அவளுடைய அப்பா ஊரில் படுத்த படுக்கையானார். அம்மா இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். எனக்கு மீண்டும் கண்டிக்கு வர வழி கிடைத்தபோது அவள் போய்விட்டிருந்தாள். சரக்கு லொறி ஒன்றில் சாமான்களோடு சாமானாகப் போனதாகச் சொன்னாள். மண்டபம் பூட்டியிருந்தது. நான் சும்மா படியேறி, பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு காசும் எரிபொருளும் இல்லாமல் நாட்டுக்கு வந்த கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். நான் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஒரு காலையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. விமான நிலையத்தில் நிற்கிறாளாம். பிரான்சில் இருக்கும் அண்ணன் கூப்பிட்டுவிட்டானாம்.

“ஏன் முன்னாலயே சொல்லல?”

“விசா சரிவருமோ எண்டு தெரியாது. சொல்லிப்போட்டு நிண்டா வெக்கம்.”

“அப்ப சண்ட?”

அவள் சிரித்தாள். பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ விமானத்தைக் கூப்பிட்டார்கள். “எங்க போகப்போகுது? இருக்கும். நான் போயிட்டு வாறன்” என்றாள்.

வரிசை நகர்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஆள் சிலிண்டரைக் காலால் தள்ளி என்னை முன்னே போகச் சொன்னார்.

அதற்கடுத்த வருஷங்களில் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர். நான் குத்துச்சண்டைக்காரி என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னேன். “அப்ப நான் கவனமா இருந்துக்குறேன்” என்றார். மகள் பிறந்தாள். மண்டபம் திறந்ததும் ஞாயிறுகளில் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். போட்டிக்குப் போவது தானாக நின்றுபோயிற்று.

அவளும் நானும் குரல் செய்திகளில் அந்தச் சண்டையைத் தொடர்ந்தோம். அவள் ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். அதிகாலை வேலைக்குப் போகும்போது ரயிலிலிருந்து பேசி அனுப்புவாள். எனக்கு அது கிடைக்கும்போது கண்டியில் வெயில் ஏறியிருக்கும். மகளுக்குச் சோறூட்டிக்கொண்டே கேட்பேன்.

“ரெண்டாவது ரவுண்ட். நீ வாறாய். உன்ர வலக்கை சுத்தி வருது. நான் கண்டிட்டன். குனிஞ்சிட்டன். உன்ர வலக்கையை எனக்கு நல்லாத் தெரியும்.”

முந்தி அவள் என் வலக்கையைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. அந்த நாளில் அவளுக்குப் பயம் நான் வயிற்றில் குத்துவதைப் பற்றித்தான். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அது ஏன் என்று யோசிக்கவில்லை.

நான் அனுப்பும் பதிலிலும் ஒரு மாற்றம் இருந்தது. அது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. முந்தி என் கதையில் மூன்றாவது ரவுண்ட் முடியும். நடுவர் என் கையைத் தூக்குவார். இப்போது நான் மூன்றாவது ரவுண்டை முடிப்பதே இல்லை. அவள் கயிற்றில் சாய்வாள், மீளுவாள். நான் விழப் பார்ப்பேன், நிமிர்வேன். நாலாவது ரவுண்ட், ஐந்தாவது ரவுண்ட் என்று இழுத்தேன். எங்கள் போட்டியில் மூன்று ரவுண்டுக்கு மேல் கிடையாது என்று அவள் சொல்லவும் இல்லை. கை தூக்கப்பட்டால் அடுத்த நாள் பேசுவதற்கு என்ன இருக்கும் என்று பயந்தேன் போலிருக்கிறது.

போன ஆண்டு அவள் வந்தாள். காலமாகிவிட்ட அப்பாவின் திவசத்துக்காக யாழ்ப்பாணம் வந்தவள், இரண்டு நாள் எடுத்துக்கொண்டு கண்டிக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவளை நான் முதலில் அடையாளம் காணவில்லை. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினாள். சனங்கள் நிறைந்த பஸ் நிலையத்தில் நானும் தூக்கினேன். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

“ஐம்பத்துநாலா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இப்ப நான் பஸ் ஏறுனா ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்றாங்க” என்றேன்.

இரவு எங்கள் வீட்டில் தங்கினாள். மகள் அவளை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போவோம் என்று அவளே கேட்டாள். நானாவின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. அவளைக் கண்டதும் அடுப்பை விட்டு வெளியே வந்தார்.

“யா அல்லாஹ்! இன்னும் சண்ட முடியல்லையா ஒங்களுக்கு?”

“இண்டைக்கு முடிப்பம் நானா” என்றாள் அவள். “வாங்க, வந்து பாருங்க.”

இத்தனை வருஷமாக எங்களைப் பற்றிப் பேசியும் நானா ஒரு தடவைகூட மேலே வந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடையை விட்டுவிட்டு எப்படி வருவார்? அன்றைக்கு வந்தார். மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி, சுவரோரம் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார்.

“தொடாமல் பிடிப்பம்” என்றாள் அவள். “ஒரு சாண் இடைவெளி. அடி விழக்கூடாது.”

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. இரண்டு பேருக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று, எனக்கும் பிள்ளை பெற்ற உடம்பு. சரி என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றோம்.

முதல் நிமிடத்தில் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு சிரிப்பு நின்றது. அவளுடைய கால்கள் அப்படியே இருந்தன. நான் உள்ளே போனேன். அவள் சொன்னது போலவே ஒரு காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான் காற்றில் குத்தினேன். நானா “அடடா” என்றார். என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஏறியது. எத்தனையோ இரவுகள் நான் கண்டது இதைத்தான். அவளுடைய தோள் நூலளவு எழுந்தது. இடக்கை வருவதற்கு முன்பே நான் விலகிவிட்டேன். அவள் வாயைத் திறந்து, “எப்பிடியடி?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்” என்றேன். சொல்லிக்கொண்டே வலக்கையைச் சுற்றி வீசி, அவளுடைய இடது கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவள் அசையவில்லை. தலை நகரவில்லை. கண் சிமிட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கை அங்கே நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் முகம் மாறியதைக் கண்டு அவள் தலையைத் திருப்பினாள். அப்போதுதான் கையைப் பார்த்தாள்.

பின்னால் நானா கைதட்டினார். “சரி சமன்! ரெண்டு பேரும் ஒரே மாதிரி. நான் அப்பவே சொன்னேன்.” அவர் அப்போது அப்படி எதுவும் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவருக்காகச் சிரித்தோம்.

வாவிக்கரை வரைக்கும் நடந்தோம். மர நிழலில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

“எப்ப?”

“ரெண்டு வருசமாப்போச்சு. அங்க ஒரு கிளப்புக்குப் போனனான். பயிற்சியிலதான். பெரிய அடியும் இல்லை. இடக்கண்ணுக்குள்ள திரை கழண்டிட்டுது எண்டு சொல்லிச்சினம். ரெண்டு தரம் ஒப்பரேசன் செய்தவை. நேரா இருக்கிறது கொஞ்சம் தெரியும். பக்கத்தால வாறது தெரியாது. இனி தலையில அடி படவே கூடாதாம்.”

“ரெண்டு வருஷமா? அப்ப நீ அனுப்புன மெசேஜ் எல்லாம்?”

“ஓம்.”

எனக்குக் கோபம் வந்தது. ரயிலில் உட்கார்ந்துகொண்டு, என் வலக்கை வருவதைக் கண்டேன், குனிந்தேன் என்று எத்தனை காலை அவள் சொல்லியிருப்பாள். நானும் இந்தப் பக்கத்திலிருந்து ஓயாமல் அதே பக்கத்தில் அவளைக் குத்திக்கொண்டிருந்தேன்.

“ஏன் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ நிப்பாட்டிப்போடுவாய்.”

“எத?”

“சண்டையை.” அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “விடிய எழும்பி மா பிசையப் போறது, பின்னேரம் வந்து படுக்கிறது. அங்க எனக்கு அது ஒண்டுதானடி இருந்தது. அதுக்குள்ள எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிஞ்சுது.”

நான் அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மாப்பிசைந்து காய்த்துப்போன கை. எங்களைக் கடந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

“இப்ப சொல்லு” என்றாள் கடைசியில். “ஒரு நாளும் நீ முடிச்சதில்லை. அந்தச் சித்திரைக்கு முந்தி நாங்கள் சண்டைக்கு ஏறியிருந்தா ஆர் வெண்டிருப்பம்?”

“நீதான்.”

“பொய்.”

“பொய்தான்” என்றேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன். அவளுடைய தோள் ரகசியத்தை அப்போது சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தோளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாசமறுப்பாளே, நான் செத்திருப்பன்” என்றாள்.

அன்று பின்னேரம் யாழ்ப்பாண பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வழியில் சாப்பிட நானா முட்டை ரொட்டி கட்டிக் கொடுத்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் எங்களைப் பார்ப்பதற்குத் தலையை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. நான் பஸ்ஸுக்கு முன்னால் நகர்ந்து, அவளுக்கு நேராகத் தெரியும் இடத்தில் நின்றேன். கண்டக்டர் என்னை விலகச் சொல்லிக் கத்தினான்.

அவள் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு சில வாரங்கள் குரல் செய்தி ஒன்றும் வரவில்லை. எனக்கும் என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிறு அவளே அழைத்தாள். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாள். நான் மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்த கதையைச் சொன்னேன். வேன் ரிப்பேரைச் சொன்னேன். அரிசி விலையைக்கூடச் சொன்னேன். இரண்டு பேரும் அந்தச் சண்டைப் பேச்சின் பக்கம் போகவில்லை. போனை வைக்கும் நேரம் வந்தும் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் பக்கத்தில் ஒரு ரயில் வந்து நின்று, கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஏறலையா?” என்றேன்.

“அடுத்ததில போறன்” என்றாள். “நீ கதை.”